ஆறு கடலைத் தள்ளிய கதை: கொற்கை முதல் புன்னைக்காயல் வரை

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிறவர்களில் ஆத்தூர்ப் பக்கம் கிழக்கே திரும்புகிறவர்கள் மிகக் குறைவு. திரும்பினால் உப்பளங்களைத் தாண்டி, தாமிரபரணி கடலில் சேரும் முகத்துவாரத்தில் புன்னைக்காயல் வரும். மூன்று துறைமுகங்களின் வரலாற்றில் இது கடைசி அத்தியாயம்.

முதல் அத்தியாயம் கொற்கை. பாண்டியரின் முத்துத்துறையான இவ்வூரைக் கிரேக்க மாலுமிகள் 'கொல்கை' என்றனர். தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு அங்கே முத்துக் குளித்ததாகப் பெரிப்ளூஸ் என்னும் பழைய கிரேக்கக் கடல்வழி நூல் கூறுகிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் விலகிப் போக, துறை கிழக்கே நகர்ந்து காயலாயிற்று. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியந்து எழுதிய துறை அது. அரேபியக் குதிரைகள் அங்குதான் கரையிறங்கின. அதுவும் தூர்ந்து இன்று பழையகாயல் என்ற சிற்றூராக நிற்கிறது. 1870களில் இவ்விரண்டு இடங்களையும் தோண்டிப் பார்த்து, பழைய துறைகளை அடையாளம் காட்டியவர் கால்டுவெல் ஆயர். ஒப்பிலக்கணம் எழுதியவராகவே நாம் அவரை நினைக்கிறோம். கொற்கை மண்ணைக் கிளறிய கால்டுவெல்லுக்கும் தூத்துக்குடி மாவட்டம் கடன்பட்டிருக்கிறது.

மீண்டும் கிழக்கே நகர்ந்த துறையே புன்னைக்காயல். முத்துச் சலாபத்துக்காக, அதாவது முத்துக்குளிப்புக்காக, வந்த போர்ச்சுகீசியருக்கு இது முதன்மைத் தளமாயிற்று. 1530களில் இக்கரையில் முத்துக் குளித்த பரதவர் கிறித்தவம் தழுவினர். 1542இல் மறைபரப்பாளர் சவேரியார் இக்கரைக்கு வந்தார். ஆயினும் இவ்வூரின் பெருமையை நான் சவேரியாரிடம் தேடமாட்டேன், அண்டிரிக் அடிகளிடம் தேடுவேன்.

போர்ச்சுகலின் விலா விசோசாவில் 1520இல் பிறந்த என்ரிக் என்ரிக்கஸ் என்பதே அடிகளின் இயற்பெயர். அவர் 1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். துபாசி துணையின்றிப் பேசும் அளவுக்குத் தமிழ் கற்றார். போர்ச்சுகீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். தமிழ் அச்செழுத்துகள் 1577இல் கோவாவிலும், திருத்தமாக 1578இல் கொல்லத்திலும் வார்க்கப்பட்டன. அவ்வாண்டு அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் வெளியான அடிகளின் 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறுநூல். இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறி இன்று நமக்குக் கிடைக்கும் முதல் நூல் அதுவே. அச்சுக்கான பொருளைத் தந்தவர்கள் இக்கரைப் பரதவர்கள். கடலுக்கடியில் மூச்சடக்கிச் சம்பாதித்த காசு தமிழ் எழுத்தாயிற்று என்பதை நம் அச்சு வரலாறு இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். 1586இல் வந்த அடிகளின் 'அடியார் வரலாறு' அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. புன்னைக்காயலிலேயே அச்சானதாக அறிஞர் பலர் கருதுகின்றனர்.

அடிகள் 1600இல் புன்னைக்காயலில் மறைந்தார். உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. அதற்குள் வணிகமும் தூத்துக்குடிக்கு மாறத் தொடங்கியிருந்தது. அந்நகர்க் கரையில் அரசு நடத்திய கடைசிச் சலாபம் 1961இல் முடிந்தது.

வத்திக்கான் நூலகப் பிரதியைக் கொண்டு சேசு சபை அறிஞர் ச. இராசமாணிக்கம் 'அடியார் வரலாற்றை' 1967இல் மறுபடி பதிப்பித்தார். புலவர் நடையைப் பின்பற்றாத உரைநடை அது. 16ஆம் நூற்றாண்டில் நெய்தல் நிலத்து மக்களிடம் எப்படிப் பேசினால் விளங்குமோ அப்படி எழுதியிருக்கிறார் அடிகள். சமய நூல் என்று அதை ஒதுக்கிவிடாமல், தமிழ் உரைநடை பயிலும் மாணவர்கள் பாடநூலாகவே எடுத்துப் படிக்க வேண்டும்.