தனிமைச் சிறையும் அறமும்

குற்றம் செய்தவனாயினும் அவன் உடலை வதைத்தல் நாகரிகமுடைய அரசுக்குத் தகாது என்னும் கொள்கை, சென்ற இரு நூற்றாண்டுகளில் உலகெங்கும் வேரூன்றி வளர்ந்தது. கசையடியும் சூடும் உறுப்புக் குறைத்தலும் பெரும்பாலான நாடுகளின் சட்ட ஏடுகளிலிருந்து அகன்றன. ஆயினும் உடலைத் தொடாமலே மனிதனைச் சிதைக்கவல்ல தண்டனை ஒன்று எஞ்சி நின்றது. அதில் இரத்தம் சிந்துவதில்லை, தழும்பு காண்பதில்லை. ஒருவனை நான்கு சுவர்களுக்குள் அடைத்து, மனித முகத்தையும் மனிதக் குரலையும் அவனுக்கு இல்லாமற் செய்வதே அத்தண்டனை. தனிமைச் சிறை எனப்படும் இது எங்கே பிறந்தது, எவ்வாறு நம் நாட்டை அடைந்தது, அறத்தின் துலாக்கோலில் இதன் நிறை யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

வியப்பு என்னவெனில், இத்தண்டனை கொடியோர் உள்ளத்தில் தோன்றியதன்று. அருளாளர் உள்ளத்தில் தோன்றியது. 18-ஆம் நூற்றாண்டின் சிறைக்கூடங்களில் ஆடவரும் பெண்டிரும், சிறுவரும் முதியவரும், கடன் தீர்க்க இயலாதவரும் கொலை புரிந்தவரும் ஒன்றாக அடைந்து கிடந்தனர். நோயும் குடியும் சூதும் அங்கே மலிந்திருந்தன. சிறு திருட்டுக்காக உள்ளே சென்றவன் பெருந்திருடனாக வெளியே வந்தான். இந்நிலை கண்டு வருந்திய சான்றோர் சிலர், 1787-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் சிறைத் துயர் தணிக்கும் சங்கம் ஒன்றை நிறுவினர். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவரும் மருத்துவருமான பெஞ்சமின் ரஷ் அவர்களுள் ஒருவர். தீய கூட்டுறவே குற்றத்தின் வேர். அதை அறுத்துத் தனிமையில் இருத்தினால் மனச்சான்று விழித்தெழும். குற்றவாளி தன் பிழைக்கு வருந்தித் திருந்துவான் என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்நம்பிக்கை கல்லும் சுண்ணமுமாக உருப்பெற்றது 1829-இல். அவ்வாண்டு பிலடெல்பியாவில் திறக்கப்பட்ட கிழக்கு மாநிலச் சிறைச்சாலையை ஜான் ஹாவிலண்ட் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்தார். நடுவில் ஒரு கூடம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போல் விரியும் ஏழு நீண்ட பிரிவுகள். கைதி ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை. கூரையில் வானொளி புகும் சிறு சாளரம். உலாவுவதற்கு மதில் சூழ்ந்த சிறு முற்றம். உணவு அறையைத் தேடி வந்தது. செருப்புத் தைத்தல், நெசவு முதலிய தொழில்களும் அறைக்குள்ளேயே நடந்தன. வெளியே அழைத்துச் செல்ல நேர்ந்தால், ஒருவர் முகத்தை ஒருவர் காணா வண்ணம் தலையை மூடும் முக்காடு அணிவித்தனர். பொருளைச் சுருக்கிக் கட்டிய சிறை அன்று அது. குழாய் நீரும் குளிர்காலத்துக்கு வெப்ப வசதியும் அங்கே இருந்தன. இல்லாதிருந்தது ஒன்றே: மற்றொரு மனிதனின் துணை.

இம்முறையின் விளைவு யாதாகும் என்பதற்கு முன்னரே ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் சிறையில், 1821-ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 80 கைதிகளை வேலையேதும் கொடாமல் முழுத் தனிமையில் அடைத்தனர். ஓராண்டிற்குள் ஐவர் மாண்டனர். ஒருவனுக்குச் சித்தம் கலங்கியது. மற்றொருவன் கதவு திறந்த கணத்தில் மேல்தளத்திலிருந்து கீழே பாய்ந்தான். 1823-இல் அச்சோதனை கைவிடப்பட்டது. மன்னிப்புப் பெற்று வெளியேறிய 26 பேருள் 14 பேர் மீண்டும் குற்றம் புரிந்து சிறை புகுந்தனர். 1831-இல் அமெரிக்கா சென்று சிறைகளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர்களான தொக்வில், பொமோன் ஆகிய இருவரும் இவற்றைத் தம் நூலில் பதிவு செய்துள்ளனர். தனிமை உயிரையும் அறிவையும் வாங்கிற்றேயன்றித் திருத்தத்தை அளிக்கவில்லை என்பது இதனால் விளங்கும். பிலடெல்பியாவினரோ, வேலையும் நல்லோர் வருகையும் சேர்ந்தால் இத்தீமை நேராது என்று கருதி, தம் வழியிலேயே சென்றனர்.

1842-இல் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அச்சிறையைப் பார்வையிட்டார். அதனை நடத்துவோரின் நல்லெண்ணத்தை அவர் ஐயுறவில்லை. ஆனால் தாம் செய்வது யாது என்பதை அவர்களே அறியார் என்றும், உடல் வதையைவிட மூளையின்மேல் நாள்தோறும் மெல்ல மெல்ல நிகழ்த்தும் இவ்வதை கொடிது என்றும் எழுதினார். அதே ஆண்டில் இலண்டனில் அம்முறையைப் பின்பற்றிப் பென்டன்வில் சிறை திறக்கப்பட்டது. அங்கே 18 மாதம் என முதலில் விதிக்கப்பட்ட தனிமைக்காலம், கைதிகளின் மனநிலை கெடுவது கண்டு படிப்படியாக 9 மாதமாகக் குறைக்கப்பட்டது. 1890-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மெட்லி என்பான் வழக்கில், பழைய தனிமை முறையின் வரலாற்றை எடுத்துரைத்தது. குறுகிய காலத் தனிமைக்குப் பின்னரே கைதிகள் பலர் உணர்விழந்த நிலையை அடைந்தனர், சிலர் பித்தராயினர், சிலர் தற்கொலை புரிந்தனர் என்று அத்தீர்ப்பு கூறிற்று. பிலடெல்பியாவிலும் 1913-இல் அம்முறை அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டது.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், கடுங்காவல் தண்டனையின் ஒரு பகுதியாகத் தனிமைச் சிறையை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்தது. மொத்தத்தில் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது. ஒரே தொடர்ச்சியில் 14 நாளுக்கு மேல் கூடாது. அதன்பின் குறைந்தது அத்துணைக் காலமேனும் இடைவெளி வேண்டும் என்று அதன் 73, 74-ஆம் பிரிவுகள் வரையறுத்தன. 1894-ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம் மேலும் இரு காப்புகளைச் சேர்த்தது. தனியறைக் கைதி எந்நேரமும் சிறை அலுவலரை அழைப்பதற்கு வழி இருத்தல் வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் அடைபட்டவனை மருத்துவ அலுவலரோ அவர்தம் உதவியாளரோ நாள்தோறும் சென்று காணுதல் வேண்டும். தீங்கற்ற தண்டனைக்கு இத்துணை எல்லைகள் எதற்கு? நாள்தோறும் மருத்துவர் எதற்கு? தனிமை நஞ்சு என்பதைச் சட்டம் இயற்றியோர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு அவர்கள் அளந்து வைத்த அளவே சான்று.

ஆயினும் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்திய அவ்வளவு, நிர்வாக விதிகளைக் கட்டுப்படுத்தவில்லை. நாடு கடத்தும் தண்டனை அச்சம் தருவதாக இல்லை எனக் கருதிய லயால், லெத்பிரிட்ஜ் என்னும் இரு அதிகாரிகள், அந்தமானில் தொடக்கக் காலத்தைக் கடுமையாக்க வேண்டும் என 1890-இல் பரிந்துரைத்தனர். அதன் விளைவாக 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது போர்ட் பிளேரின் செல்லுலார் சிறை. பிலடெல்பியாவில் கண்ட அதே சக்கர வடிவம், ஏழு பிரிவுகள், மூன்று தளங்கள், ஏறத்தாழ 700 தனியறைகள். ஒரு பிரிவின் முகப்பு அடுத்த பிரிவின் முதுகையே நோக்கும்படி அவை அமைந்தன. புதிதாக வந்த கைதி முதல் ஆறு மாதத்தைத் தனியறையில் கழிக்க வேண்டும் என்பது விதி. திருத்தும் நோக்கில் அமெரிக்காவில் பிறந்த கட்டட அமைப்பு, இங்கே அச்சுறுத்தும் நோக்கில் எழுந்தது. 1912-இல் இந்துபூஷண் ராய் தம் அறையில் தூக்கிட்டு மாண்டார். உல்லாஸ்கர் தத்தர் சித்தம் கலங்கி, பின்னர்ச் சென்னை மனநோய் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். செக்கும் விலங்கும் தனிமையும் கூடி இழைத்த கொடுமை இது.

தனிமையைத் தவமாக ஏற்று உயர்ந்தோரும் உண்டன்றோ என ஒரு வினா எழலாம். அரவிந்தர் 1908-ஆம் ஆண்டு மே மாதத்தில் கைதாகி, அலிப்பூர்ச் சிறையின் தனியறையில் நெடுநாள் வைக்கப்பட்டார். அங்கே அவர் ஆன்ம அனுபவம் பெற்றார் என்பது உண்மையே. ஆனால் அதே அரவிந்தர், தம் சிறை வாழ்வை வங்க மொழியில் எழுதியபோது, தொடக்க நாட்களில் தம் மனம் பற்றுக்கோடின்றித் தத்தளித்ததையும், தனிமை மனிதரைப் பித்தராக்குவது எங்ஙனம் எனத் தாம் உணர்ந்ததையும் மறைக்கவில்லை. யோகப் பயிற்சி உடையவர்க்கே அந்நிலை எனின், எழுத்தறியாத ஏழைக் கைதியின் நிலையை என்னென்பது? துறவி தானே நாடிச் செல்லும் தனிமை வேறு. வெளியிலிருந்து தாழிடப்பட்ட தனிமை வேறு. முன்னதில் கதவைத் திறக்கும் உரிமை உள்ளிருப்பவனுடையது.

விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வினா 1978-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. சுனில் பத்ரா என்பார் கீழ் நீதிமன்றத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, திகார் சிறையில் தனியே அடைக்கப்பட்டிருந்தார். எந்த நீதிபதியும் அவருக்குத் தனிமைச் சிறை விதிக்கவில்லை. மரண தண்டனை பெற்றவரைப் பிற கைதிகளிடமிருந்து பிரித்து வைக்குமாறு சிறைகள் சட்டத்தின் 30-ஆம் பிரிவு கூறுவதாகவும், இது பிரித்து வைத்தலேயன்றித் தனிமைச் சிறை அன்று எனவும் நிர்வாகம் வாதிட்டது. நீதிபதி கிருஷ்ணய்யர், நீதிபதி தேசாய் உள்ளிட்ட ஐவர் அமர்வு இவ்வாதத்தை ஏற்கவில்லை. பெயரை மாற்றுவதால் பொருள் மாறிவிடாது. மேல்முறையீடும் கருணை விண்ணப்பமும் முடியுமுன் ஒருவரை அப்பிரிவின் கீழ்க் கொணர இயலாது. சிறைக்குள் சென்றமையால் ஒருவர் அடிப்படை உரிமைகள் அனைத்தையும் இழந்துவிடுவதில்லை என்று அத்தீர்ப்பு நிறுவியது.

இதற்கு முன்பே, 1971-இல், இத்தண்டனையைச் சட்டத்திலிருந்து நீக்கலாம் என இந்திய சட்ட ஆணையம் பரிந்துரைத்திருந்தது. ஆயினும் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 11, 12-ஆம் பிரிவுகளிலும் அது பழைய அளவுகளுடனேயே இடம்பெற்றுள்ளது. 2015-இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்ற மண்டேலா விதிகள், பொருளுள்ள மனிதத் தொடர்பின்றி நாளொன்றுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ அடைத்தலைத் தனிமைச் சிறை என வரையறுத்து, தொடர்ந்து 15 நாளுக்கு மேல் அதனை நீட்டித்தலை அறவே விலக்கின. ஆனால் அவ்விதிகள் பிறந்த பின்னரும், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஆல்பர்ட் உட்பாக்ஸ் என்பார் நாற்பது ஆண்டுகளுக்கு மேலான தனிமையை முடித்து, 2016-இல்தான் வெளியே வந்தார்.

பிறரைத் தாக்கும் கைதியை என் செய்வது என்று சிறை அதிகாரிகள் கேட்பது நியாயமே. சக கைதிகளின் உயிரையும் காவலர் உயிரையும் காப்பது அரசின் கடமை. அதற்காகச் சில நாள் ஒருவரைப் பிரித்து வைக்க நேரலாம். ஆனால் பிரித்து வைத்தல் வேறு. மனித உறவையே துண்டித்தல் வேறு. பிரிக்கப்பட்டவனும் உறவினரைக் காணலாம்; நூல் படிக்கலாம்; தொழில் செய்யலாம்; ஆசிரியரோடும் மருத்துவரோடும் உரையாடலாம். இவற்றைத் தடுப்பதால் எவருடைய பாதுகாப்பும் கூடிவிடுவதில்லை. மேலும், இன்று அடைபட்டவருள் மிகப் பலர் என்றேனும் ஒருநாள் நம் தெருவுக்குத் திரும்புவர். பிறரோடு வாழும் பழக்கத்தையே இழந்தவனைத் திருப்பி அனுப்புதல் சமுதாயத்துக்கும் நன்மை ஆகாது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்று. தண்டனையின் அறத்தை, அதை விதிப்போரின் நோக்கத்தைக் கொண்டோ அதற்கு இட்ட பெயரைக் கொண்டோ அளத்தல் கூடாது. அதை அனுபவிப்பவனுக்கு நேர்வதைக் கொண்டே அளத்தல் வேண்டும். பிலடெல்பியாச் சான்றோரின் நோக்கம் தூயது, விளைவு கொடிது. திகாரில் இட்ட பெயர் மென்மையானது. அறை அதே அறை. குற்றத்துக்கு ஈடாக ஒருவனுடைய சுதந்திரத்தைச் சில காலம் பறிக்க அரசுக்கு உரிமை உண்டு. அவன் அறிவைப் பறிக்கும் உரிமையை எந்த நீதிமன்றமும் எந்த அரசுக்கும் வழங்கியதில்லை. தீர்ப்பில் எழுதப்படாத தண்டனையைச் சுவர்கள் நிறைவேற்றாமல் பார்த்துக்கொள்வது, குடிமக்களாகிய நம் அனைவரின் பொறுப்பாகும்.