வேரும் காவலும்

யுனிக்ஸ் இயங்குதளத்தின் வரலாற்றை நாம் பொறியியல் சாதனையாகவே வாசித்துப் பழகிவிட்டோம். அதிகாரத்தின் வரலாறாகவும் அதை வாசிக்க இடமுண்டு.

1971-இல் பெல் ஆய்வகத்தில் உருவான அதன் முதற் கையேட்டிலேயே 'சு' என்னும் கட்டளை இருக்கிறது. கடவுச்சொல் அறிந்தவர் அதன்வழி முதன்மைப் பயனராகலாம். 'ரூட்' என்று நாம் அறியும் அப்பயனருக்குப் பூட்டிய கோப்பு என்று ஏதுமில்லை. அவர் கைதவறி இட்ட கட்டளையையும் இயந்திரம் நிறைவேற்றிவிடும். ஒரே கடவுச்சொல்லைப் பலர் அறிந்திருந்தால் எதை யார் செய்தார் என்பதற்கும் சான்றிராது.

1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காகஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதிய 'சுடோ' இதற்கு விடை தேடியது. அதன் வழியில் அதிகாரம் குறித்த செயலுக்கு மட்டும் கடனாகத் தரப்படுகிறது. இன்றைய சுடோ பொதுவாகப் பயனரின் சொந்தக் கடவுச்சொல்லையே கேட்கிறது. இட்ட கட்டளையைப் பதிவேட்டில் குறிக்கிறது. சில நிமிடங்கள் கழிந்தால் மீண்டும் கேட்கிறது. யாருக்கு எவ்வளவு உரிமை என்னும் பட்டியலை 'விசுடோ' கொண்டே திருத்தவேண்டும்; பிழையான இலக்கணத்தை அது சுட்டிக்காட்டும். 2004 அக்டோபரில் வெளிவந்த உபுண்டுவின் முதற் பதிப்பு, ரூட் கணக்கைப் பூட்டிவைத்து இவ்வழியையே இயல்பாக்கியது.

ஆனால் காவலும் பிழைபடும். 2011-இல் சுடோவுக்குள் புகுந்த ஒரு வழு 2021 ஜனவரியில்தான் வெளிப்பட்டது. உரிமைப் பட்டியலில் இல்லாத பயனரும் அதன்வழி ரூட் ஆகமுடிந்தது. ஆகவே மென்பொருளைப் புதுப்பித்து வருவதும், தேவையான கணத்தில் மட்டும் அதிகாரத்தைத் தொடுவதும் நம் கடமையாகின்றன. காவலனையும் யாரேனும் காத்தாக வேண்டும்.