வேலையைப் பறித்த 0.8 விநாடி

1796-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிரீனிச் வானாய்வுக்கூடத்தில் டேவிட் கினிபுருக் என்ற உதவியாளருக்கு வேலை போயிற்று. ஆள் உழைப்பாளி, மற்ற விஷயங்களில் பயனுள்ளவர் என்று அவரை நீக்கிய மேலதிகாரியே எழுதி வைத்திருக்கிறார். குற்றம் ஒன்றுதான். நட்சத்திரங்கள் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தை அவர் குறித்தால், மேலதிகாரி குறிப்பதைவிட 0.8 விநாடி பிந்தியது.

அந்த மேலதிகாரி நெவில் மாஸ்கெலின். 1765 முதல் இங்கிலாந்தின் அரச வானியலாளர். மாலுமிகள் நடுக்கடலில் தாங்கள் இருக்கும் இடத்தைக் கணக்கிட உதவும் பஞ்சாங்கத்தை 1767-ஆம் ஆண்டுக்கானது தொடங்கி வெளியிட்டு வந்தவர். கூடத்தின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்கே நட்சத்திரங்கள்தான் துணை. ஒரு விநாடி பிசகினால் நிலநடுக்கோட்டில் இடக் கணக்கு ஏறத்தாழ 460 மீட்டர் தள்ளிப்போகும். 0.8 விநாடியை அவர் சும்மா விடாததற்குக் காரணம் இருந்தது.

நேரம் குறிப்பது எப்படி? தெற்கு வடக்காக மட்டுமே அசையும் தொலைநோக்கி. அதன் பார்வைப் பரப்பில் செங்குத்தாக மெல்லிய கம்பிகள். உதவியாளர் கடிகாரத்தில் மணியையும் நிமிடத்தையும் விநாடியையும் பார்த்துக்கொண்டு, கண்ணைத் தொலைநோக்கியில் வைப்பார். அதன்பின் கடிகாரம் காதுக்குரியது. ஊசலின் ‘டிக்’ ஒவ்வொன்றையும் மனத்துக்குள் எண்ணுவார். பன்னிரண்டு, பதின்மூன்று... பதின்மூன்றாம் ஒலியில் நட்சத்திரம் கம்பிக்கு இந்தப் பக்கம். பதினான்காம் ஒலியில் அந்தப் பக்கம். இரண்டு இடங்களையும் நினைவில் வைத்து, நடுவில் கம்பி எங்கே விழுகிறது என்று பத்தில் ஒரு பங்கு வரை மதிப்பிட வேண்டும். ஏட்டில் 13.4 என்று எழுதுவார். பிழை விநாடியில் பத்தில் ஓரிரு பங்குக்கு மேல் போகாது என்பது அக்கால வானியலாளர்களின் நம்பிக்கை.

1794-இல் சேர்ந்த கினிபுருக் முதலில் மாஸ்கெலினோடு ஒத்துத்தான் குறித்துவந்தார். 1795 ஆகஸ்டு வாக்கில் அரை விநாடி பிந்தத் தொடங்கியது. எடுத்துச் சொன்ன பிறகும் குறையவில்லை, ஜனவரிக்குள் 0.8 ஆகிவிட்டது. வகுத்த முறையை விட்டு உதவியாளர் தானாக ஏதோ ஒரு முறையைப் பிடித்துக்கொண்டார் என்று மாஸ்கெலின் முடிவுகட்டினார். பிந்தியது உதவியாளரா, முந்தியது தானா என்ற கேள்வி எழவே இல்லை.

அந்தக் கேள்வி பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் எழுந்தது. அங்கே வானாய்வுக்கூடத்தை நடத்திய பிரீட்ரிக் பெஸ்ஸல், கிரீனிச் கூடத்தின் வரலாறு பற்றி 1816-இல் ஒரு ஜெர்மன் இதழில் வந்த கட்டுரையில் இந்தச் செய்தியைப் படித்தார். அவ்வளவு பெரிய வித்தியாசம் வெறும் அசட்டையால் வருமா என்று அவருக்குச் சந்தேகம். 1820-இல் வால்பெக் என்ற வானியலாளரும் அவரும் ஒரே நட்சத்திரங்களை மாறி மாறிப் பார்த்துக் குறித்தார்கள். இருவருமே தேர்ந்தவர்கள். ஆனாலும் பெஸ்ஸல் ஒரு விநாடிக்கும் சற்று மேலாக முந்தியிருந்தார். 1823-இல் ஆர்கெலாண்டர் என்ற வானியலாளரோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் 1.22 விநாடி. கினிபுருக்கின் ‘குற்றத்தைவிட’ இது பெரிது!

இத்தகைய வித்தியாசம் நிலையாகவும் இருக்கவில்லை. பெஸ்ஸலுக்கும் ஸ்ட்ரூவே என்ற வானியலாளருக்கும் 1814-இல் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை, 1821-இல் 0.8, 1823-இல் 1 விநாடி. கண்ணில் விழுவதையும் காதில் விழுவதையும் ஒரே கணத்தில் ஒப்பிட மனத்தால் முடியாது, ஒருவர் பார்த்துவிட்டுக் கேட்கிறார், இன்னொருவர் கேட்டுவிட்டுப் பார்க்கிறார் என்பது பெஸ்ஸல் சொன்ன காரணம். அதன்பின் வானியலாளர்கள் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தை அளந்து, கணக்கில் கூட்டியும் கழித்தும் சரிசெய்யக் கற்றார்கள். கிரீனிச்சிலேயே 1854 முதல், பொத்தானை அழுத்தினால் நேரம் தாளில் மின்சாரத்தால் பதிவாகும் கருவி வந்தது. வித்தியாசம் சுருங்கியது, மறையவில்லை.

வானியலாளர்களின் இந்தத் தலைவலி இன்னொரு துறையான உளவியலுக்கு விதையானது. 1861-இல் வில்ஹெல்ம் வுண்ட் ஓர் ஊசல் கடிகாரத்தில் மணியைப் பொருத்தி, மணி ஒலித்த நொடியில் ஊசல் எங்கே தெரிகிறது என்று சோதித்தார். ஊசல் உண்மையில் இருந்த இடம் வேறு, தெரிந்த இடம் வேறு. 1879-இல் அவர் லைப்சிக்கில் தொடங்கிய உளவியல் ஆய்வகத்தில் இந்தச் சோதனைகள் தொடர்ந்தன. அவருடைய மாணவர் டிட்சனர் 1908-இல் அதை ஒரு விதியாகவே எழுதினார்: இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் நடந்தாலும், எதில் கவனம் வைத்திருக்கிறோமோ அதுவே முந்தி நடந்ததாகத் தோன்றும்.

இன்று அந்த ஏடுகளைப் பார்த்தால், இருவருக்கும் இடையே 0.8 விநாடி இருந்தது என்பது மட்டுமே உறுதி. அதில் கினிபுருக்கின் பங்கு எவ்வளவு, மாஸ்கெலினின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. மேலதிகாரியின் கண்ணும் காதுமே அளவுகோலாகிவிட்டதால், அந்தத் தண்டனை நியாயமானதல்ல. கினிபுருக் 1802-இல் இறந்தார். பெஸ்ஸல் வால்பெக்கோடு செய்த ஒப்பீட்டுக்கு அப்போது இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன.