விஞ்ஞானப் புள்ளிகள் எதை அளந்தன?

பத்து பாகாட் வட்டாரத்து யோங் பெங் போன்ற ஊர்களைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் தமிழ் வழி பயின்ற பிள்ளைகளுக்கு, இடைநிலைப் பள்ளியின் விஞ்ஞானக் கூடம் நெடுங்காலம் எட்டாக் கனியாகவே இருந்தது. நாடு முழுவதற்கும் நடந்த நுழைவுத் தேர்வு 1964-இல் நீக்கப்பட்டது. 1965 முதல் ஆறாம் வகுப்பு முடித்தோர் யாவரும் மேலே செல்லலாயினர்.

வாயில் திறந்தது, வழி நேராகவில்லை. தமிழ்ப் பள்ளி மாணவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு மொழி பயின்றே முதற் படிவம் புகுந்தனர். ஆங்கிலப் பள்ளிகளிலோ 1970-இல் முதல் வகுப்பில் தொடங்கிய மலாய் மாற்றம் ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி 1980-இல் ஐந்தாம் படிவத்தை எட்டியது. 2003-இல் விஞ்ஞானமும் கணிதமும் மீண்டும் ஆங்கிலத்திற்குச் சென்றன. இம்முறை தமிழ்ப் பள்ளிகளும் தப்பவில்லை. அதனைக் கைவிடும் முடிவு 2009-இல் வந்தது.

கிண்ணத்து நீர் வெயிலில் ஏன் குறைகிறது என்பதை அறிந்த பிள்ளை, அதற்குரிய பிறமொழிச் சொல்லை அறியாமையால் புள்ளி இழப்பதுண்டு. அங்கே திருத்தப்பட்டது விஞ்ஞானமா, மொழியா? செய்முறையில் இவ்விடர் சற்றுக் குறைவு. வெப்பமானியைப் பிடிக்கும் கைக்கு இலக்கணம் வேண்டா. 1990-களின் இறுதியில் அதனை மதிப்பிடும் பொறுப்பு வகுப்பாசிரியரிடமே விடப்பட்டது. 2022-இல் மூன்றாம் படிவப் பொதுத் தேர்வும் நீக்கப்பட்டபோது, கீழ்ப் படிவங்களின் அளவுகோல் பெரும்பாலும் பள்ளியின் கைக்கு வந்தது.