மணி அடித்தால் மட்டும் போதுமா? ஒரே பாதையில் சைக்கிள், நடை, சிறுபிள்ளைகள்

சனிக்கிழமை மாலை. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பூங்கா இணைப்புப் பாதை. இடது ஓரத்தில் அம்மா கைபேசியில் படம் எடுக்கிறார். வலது ஓரத்தில் அவருடைய மூன்று வயதுப் பிள்ளை குனிந்து நத்தையைப் பார்க்கிறது. பின்னால் வரும் சைக்கிளோட்டி "டிங் டிங்" என்று மணி அடிக்கிறார்.

"பாப்பா, இங்க வா!"

பிள்ளை ஓடுகிறது, சைக்கிளுக்கு நேர் முன்னால்.

தவறு யாருடையது? சைக்கிளோட்டி மணி அடித்தார். அம்மா பிள்ளையைக் கூப்பிட்டார். பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டது. எல்லாரும் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனாலும் விபத்து நடக்கலாம். ஏன்?

முதலில் விதிகளைப் பார்ப்போம்.

எந்தப் பாதையில் யார் போகலாம்?

சிங்கப்பூரில் பொதுப் பாதைகளுக்கான விதிகள் துடிப்பான நடமாட்டச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அது 2018 மே 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது.

• சைக்கிள் பாதை, பகிர்பாதை, பூங்கா இணைப்புப் பாதை: சைக்கிள், மின்சைக்கிள், மின்ஸ்கூட்டர் ஆகியவை செல்லலாம். வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர்.

• நடைபாதை: சாதாரண சைக்கிள் செல்லலாம். வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர். மின்சைக்கிளுக்கும் மின்ஸ்கூட்டருக்கும் அனுமதி இல்லை.

• பாதசாரிகளுக்கு மட்டுமான பாதை: சைக்கிள் பாதையை ஒட்டியுள்ள நடைபாதைகளில் 2025 ஜூலை 1 முதல் அறிமுகமான விதி இது. இங்கே சைக்கிளும் ஓட்டக்கூடாது. சக்கர நாற்காலிக்கும் உடற்குறையுள்ளோர் பயன்படுத்தும் நடமாட்டச் சாதனங்களுக்கும் தடையில்லை. மீறுவோருக்கு 2,000 வெள்ளி வரை அபராதம், 3 மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

விதிகள் ஏன் கடுமையாகிக்கொண்டே வந்தன?

நடைபாதையில் வேக வரம்பு முதலில் 15 கிலோமீட்டராக இருந்தது. 2019 பிப்ரவரியில் அது 10ஆகக் குறைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டருடன் மோதிய விபத்தில் 65 வயதுப் பெண் சைக்கிளோட்டி உயிரிழந்தார். நவம்பர் 5ஆம் தேதி நடைபாதைகளில் மின்ஸ்கூட்டருக்குத் தடை வந்தது.

ஒவ்வொரு மாற்றமும் ஒரே பிரச்சினையைத்தான் தொடுகிறது: ஒரே பாதையில் ஒருவர் மிக வேகமாகவும் இன்னொருவர் மிக மெதுவாகவும் போவது.

வேகக் கணக்கு

மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 7 மீட்டர். குறுக்கே பிள்ளை வருவதைப் பார்த்து பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். பிரேக் வேலை செய்யத் தொடங்கும் முன்பே சைக்கிள் 7 மீட்டர் போயிருக்கும். மணிக்கு 10 கிலோமீட்டரில் அதே ஒரு நொடியில் போவது 3 மீட்டருக்கும் குறைவு.

மோதினால்? வேகம் இரண்டரை மடங்குதான் கூடுகிறது. ஆனால் மோதும் ஆற்றல் ஆறு மடங்குக்கும் மேல் கூடுகிறது.

ஆகவே, 25 என்பது உச்சவரம்பு. எந்நேரமும் அந்த வேகத்தில் போகலாம் என்று பொருளல்ல. காலை 6 மணிக்குக் காலியாக இருக்கும் பாதையும் மாலை 6 மணிக்குப் பிள்ளைகள் நிறைந்த பாதையும் ஒன்றா என்ன?

சிறுபிள்ளைகள் ஏன் வேறு?

பெரியவர்கள் மணிச் சத்தம் கேட்டால் பெரும்பாலும் ஓரம் போவார்கள். சிறுபிள்ளைகளோ சத்தம் வந்த பக்கம் திரும்புவார்கள். சில நேரம் திரும்பிய பக்கமே ஓரடி வைப்பார்கள்.

வரும் சைக்கிள் எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்று கணிக்கும் திறன் அந்த வயதில் முழுமையாக வளர்ந்திருக்காது. உயரமும் குறைவு. புதர், குப்பைத்தொட்டி, இருக்கை எதுவும் அவர்களை மறைத்துவிடும்.

பயந்துபோனால் பிள்ளை அம்மா அப்பாவிடம்தான் ஓடும். அவர்கள் எதிர்ப்பக்கம் நின்றால், பாதையின் குறுக்கே ஓடும். தொடக்கத்தில் பார்த்த காட்சியில் நடந்தது அதுதான்.

சைக்கிளோட்டிகள் செய்யவேண்டியவை

• சிறுபிள்ளையைக் கண்டதும் முதலில் வேகத்தைக் குறையுங்கள், பிறகு மணி அடியுங்கள். தூரத்திலிருந்தே மெதுவாக ஒரு தடவை அடித்தால் போதும். பக்கத்தில் வந்து படபடவென்று அடித்தால் யாருமே திடுக்கிட்டுத்தான் போவார்கள்.

• பிள்ளை ஒரு பக்கம், பெற்றோர் மறுபக்கம் என்றால் நடுவே புகுந்து போகவேண்டாம். அவர்கள் ஒன்றுசேரும்வரை காத்திருங்கள்.

• "வலது பக்கமா போறேங்க" என்று வாய்விட்டுச் சொல்லலாம். மணியைவிட அது தெளிவாகப் புரியும்.

• கூட்டமாக இருந்தாலோ பேருந்து நிறுத்தத்தைக் கடக்கும்போதோ இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

• இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடிக்கக்கூடாது.

நடப்போரும் பெற்றோரும் செய்யவேண்டியவை

• இடது ஓரமாகவே நடங்கள். நான்கு பேர் வரிசையாகக் கைகோத்து நடந்தால் மற்றவர்கள் எப்படிப் போவது?

• பிள்ளையைப் பாதையின் உட்பக்கமாக விடாமல், புல்தரைப் பக்கமாக நடக்க வையுங்கள்.

• சைக்கிள் வரும்போது பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். "அங்கேயே நில்லு" என்று சொல்லிவிட்டு நீங்கள் அதன் பக்கம் போங்கள். வீட்டிலேயே "நில்லு" விளையாட்டாகப் பழக்கினால் வெளியே கைகொடுக்கும்.

• படம் எடுக்கவோ காலணிக் கயிறு கட்டவோ நிற்கவேண்டுமா? பாதையைவிட்டு இறங்கி நில்லுங்கள்.

• இரண்டு காதிலும் ஒலிக்கருவி வேண்டாம். ஒரு காதாவது திறந்திருக்கட்டும்.

கவனம் கூடுதலாகத் தேவைப்படும் இடங்கள்

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிளுக்கும் நடைக்கும் தனித்தனிப் பாதைகள் உண்டு. ஆனால் கடற்கரைக்குப் போக சைக்கிள் பாதையைக் கடந்துதான் ஆகவேண்டும். வாளியும் கையுமாக ஓடும் பிள்ளைக்குக் கடல் மட்டும்தான் கண்ணில் படும்.

24 கிலோமீட்டர் நீளமுள்ள பழைய ரயில் வழித்தடம் வேறு மாதிரி. அதன் பல பகுதிகளில் நடப்போரும் ஓடுவோரும் சைக்கிளோட்டிகளும் ஒரே தடத்தில்தான் செல்கின்றனர். மழைக்குப் பிறகு மண்ணும் சரளையும் வழுக்கும். பிரேக் பிடித்தாலும் சைக்கிள் நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும்.

மோதிவிட்டால்?

ஓட்டியவர் உடனே நிறுத்தவேண்டும். அடிபட்டவருக்கு உதவவேண்டும். தம் விவரங்களைக் கொடுக்கவேண்டும். இது சட்டப்படி கடமை. தலையில் அடிபட்டிருந்தாலோ மயக்கம் வந்தாலோ 995ஐ அழையுங்கள். "ஒன்னும் இல்ல, பரவாயில்ல" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

சரி, யார் விட்டுக்கொடுப்பது?

வேகமாகப் போகிறவர்தான். அவரால் மட்டுமே வேகத்தைக் குறைக்க முடியும். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சட்டமும் தெரியாது, வேகக் கணக்கும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை மாலைக்கே திரும்புவோம். சைக்கிளோட்டி கொஞ்சம் முன்னதாகவே வேகத்தைக் குறைக்கிறார். அம்மா "அங்கேயே நில்லு பாப்பா" என்று சொல்லிவிட்டு வலது பக்கம் போகிறார். சைக்கிள் மெதுவாகக் கடந்துபோகிறது. மொத்தம் பத்து நொடி தாமதம். பிள்ளை இன்னும் நத்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.