வரி கட்டாதவர்களின் ரசீது

பாட்டியின் தகரப் பெட்டியில் சணல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு கட்டு ரசீது இருந்தது. தாத்தாவுடைய அப்பா பினாங்குக்கு எப்போ வந்தார், எங்கே இருந்தார் என்று தேட ஆரம்பித்திருந்த நேரம். பழைய நிலவரி ரசீதாக இருக்கும் என்று ஆசையாகப் பிரித்தேன். எல்லாமே வாடகைச் சீட்டு.

"நமக்கு ஏதுடா நிலம்?" என்றார் பாட்டி. அவ்ளோதான்.

எனக்கு அந்த ஆசை வந்ததற்குக் காரணம் இங்கிலாந்து. அங்கே 1692இல் நிலவரி வந்தது, 1963இல்தான் ஒழிந்தது. 1780 முதல் 1832 வரையான பட்டியல்கள் பல மாவட்டங்களில் இன்றும் இருக்கின்றன. மாவட்டத் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்ய அவை தேவைப்பட்டதால் நகல் எடுத்து வைத்தார்கள். பெரும்பாலும் நிலத்துக்காரர் பெயருக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் பெயரும் இருக்கும். அதனால் குத்தகைக்காரரின் வாரிசுகூட முன்னோரைக் கண்டுபிடித்துவிடலாம்.

அதே ஆங்கிலேயர்கள்தான் இங்கேயும் நிலத்தை எழுதினார்கள். 1786இல் பிரான்சிஸ் லைட் வந்தபோது, காட்டை வெட்டித் திருத்துகிறவருக்கே நிலம் என்றார். வேலை வேகமாக நடக்கட்டும் என்று பீரங்கியில் வெள்ளிக்காசு வைத்துக் காட்டுக்குள் சுட்டதாக ஒரு கதையும் உண்டு. ஆனால் தாளில் நின்றது நிலம் பெற்றவர் பெயர்தான். கூலிக்குக் கத்தி பிடித்தவர் பெயர் இல்லை. 1801இல் பள்ளிவாசலுக்கு 18 ஏக்கர் கிடைத்தபோது முன்னே நின்ற காப்பித்தான் கெலிங் காதர் மொய்தீன் பெயர் இன்றும் தெருவில் இருக்கிறது.

நிலம் இருந்த குடும்பங்களுக்குத் தேடல் சுலபம். பினாங்கில் 1966 வரை ஆங்கிலப் பத்திர முறைதான். விற்கிறவர் தனக்கு முன்னால் யார், அவருக்கு முன்னால் யார் என்று சங்கிலியாகக் காட்ட வேண்டும். இப்போதைய பட்டாவில் இன்றைய உரிமையாளரைப் பார்த்தாலே போதும். என் தொழில் பாஷையில் சொன்னால், புதியது கடைசி வெர்ஷன். பழையது முழு மாற்ற வரலாறு.

சரி, தமிழ்நாட்டில் தேடலாமா? மன்றோ காலத்து ரயத்துவாரி முறையில் பட்டா வரி கட்டுகிறவர் பெயருக்குத்தான். வயலில் இறங்கிய பண்ணையாளுக்கு அதில் வரி எழுதவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்களில் நிறைய பேர் அப்படிப்பட்டவர்கள். கடலுக்கு இரண்டு பக்கமும் வரிப்புத்தகத்தில் அவர்கள் இல்லை.

அதற்கப்புறம்தான் அந்தக் கட்டை ஒழுங்காகப் பார்த்தேன். அடியில் இருந்த சீட்டு 1938. கடைவீட்டு மாடிக்கு மாத வாடகை. கொடுத்தவர் பெயர் இருந்த இடத்தில், யாரோ ஒரு கிராணி காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய என் கொள்ளுத்தாத்தா பெயர். அந்தக் கடைவீட்டுக்கு நிலவரியும் வீட்டுவரியும் முதலாளி பெயரில் போயிருக்கும். அதற்கான காசில் இவருடைய வாடகையும் இருந்தது.

1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 1999 கடைசியோடு முடிந்தது. ஜோர்ஜ்டவுனில் எத்தனையோ குடும்பங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறின. எங்கள் குடும்பமும்தான், எனக்கு அப்போது மூன்று வயசு. அந்த அவசரத்தில் பாத்திரங்களைக்கூட விட்டுவிட்டு வந்தோமாம். பாட்டி இந்தக் கட்டை விடவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். அடுத்த தடவை வீடு மாறும்போது, பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.