நனையாத உடுப்பின் கதை

நோர்வேயில் இருக்கிற என்ர மச்சாள் போன வருசம் சுழியோடப் பழகத் தொடங்கினாள். அங்கத்தைய கடலில் குளிர் எலும்புவரை போகும். அதனால் தண்ணி உள்ளே வராத ‘ட்ரைசூட்’ ஒன்று வாங்க வேண்டும். அவள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தால் தலை சுத்தும். சிப் முன்னுக்கா பின்னுக்கா, கழுத்துப் பட்டி லேட்டெக்ஸா சிலிக்கனா, துணி நியோப்ரீனா மூன்றடுக்கா, வால்வு எங்கே இருக்க வேணும்? “நீ வரலாறு படிக்கிறனிதானே, உனக்கு இது விளங்காது” எண்டு சிரிச்சாள். தேடிப் பார்த்தபோதுதான், அந்தப் பட்டியலில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒரு சுழியோடி பட்ட பாடு இருக்கிறது எண்டு விளங்கிச்சு.

துணியிலிருந்து தொடங்குவம். 1823இல் சார்ள்ஸ் மக்கின்ரொஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே றப்பரை வைத்து ஒட்டி, மழைக்கு நனையாத துணிக்குக் காப்புரிமை பெற்றார். அதே வருடம் சார்ள்ஸ் டீன் என்பவர் புகைக்குள் நுழைந்து வேலை செய்வதற்கான ஹெல்மெட் ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். பிறகு அவரும் தம்பி ஜோனும் அதையே கடலுக்குள் கொண்டுபோனார்கள். மேலேயிருந்து பம்பால் காற்று வரும். மிச்சக் காற்று கீழ்ப்பக்கத்தால் வெளியே போகும். ஒரே ஒரு பிரச்சினை. சுழியோடி குனிந்தாலோ விழுந்தாலோ ஹெல்மெட்டுக்குள் தண்ணி ஏறிவிடும்.

இதற்கு மருந்தாக 1830களின் கடைசியில் வந்ததுதான் ஒகஸ்டஸ் சீபேயின் பெயரோடு பேசப்படும் மூடிய உடுப்பு. ஹெல்மெட்டை முழு உடுப்போடு இறுக்கிப் பூட்டினார்கள். 1782இல் போர்ட்ஸ்மவுத்துக்கு அருகே மூழ்கிய ‘றோயல் ஜோர்ஜ்’ கப்பலை அகற்ற, 1839 முதல் 1843 வரை கேணல் பாஸ்லியின் ஆட்கள் இறங்கியது இப்படியான உடுப்போடுதான். அந்த உடுப்பின் துணியும் நடுவில் றப்பர் வைத்ததுதான். இன்றைய மூன்றடுக்கு ட்ரைசூட்டும் அடிப்படையில் அதே யோசனைதான்: வெளியே நைலோன் போன்ற துணி, நடுவில் றப்பர், உள்ளே திரும்பவும் துணி.

ஆனால் நனையாமல் இருப்பதும் குளிராமல் இருப்பதும் ஒன்றல்ல. பாஸ்லியின் சுழியோடிகள் குளிராலும் மூட்டு வலியாலும் திரும்பத் திரும்பப் படுத்தார்கள். அந்த வலிகளில் ஒரு பகுதி அழுத்தம் குறையும்போது வரும் நோய் எண்டு பிறகுதான் தெரிய வந்தது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடல் சூட்டை இழுக்கும். மெல்லிய மூன்றடுக்குத் துணி தண்ணியைத்தான் மறிக்கும். சூட்டைப் பிடித்து வைப்பது உள்ளே போடுகிற உடுப்பு. அந்தக் காலத்தில் கம்பளி, இப்ப செயற்கை இழை. மச்சாளுக்கு நான் சொன்ன முதல் விசயம் இதுதான்: காசு முழுவதையும் வெளி உடுப்பில கொட்டாத.

அடுத்தது வால்வு. பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகும், உடுப்புக்குள் இருக்கிற காற்று பாதியாகச் சுருங்கும். அப்ப துணி தோலைக் கவ்விப் பிடிக்கும். அதைத் தடுக்க நெஞ்சில் இருக்கிற வால்வால் காற்று ஏற்ற வேண்டும். மேலே வரும்போது அந்தக் காற்று விரியும். வெளியேற்றாவிட்டால் ஆள் பலூன் மாதிரி மேலே அள்ளுப்பட்டுப் போவார். அது உயிருக்கே ஆபத்து. முன்பு ஹெல்மெட்டில் இருந்த வெளியேற்று வால்வு இன்று இடது மேற்கையில் இருக்கிறது. காலுக்குள் காற்றுப் போய்த் தலைகீழாகாமல் இருக்க, பழைய உடுப்பில் கால்களின் பின்பக்கத்தைக் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். இன்று சிலர் கெண்டைக்காலில் பட்டி கட்டுவதும் அதே பயத்தில்தான்.

பிறகு, இதுக்குள்ள எப்பிடி இறங்குறது? பழைய உடுப்பில் கழுத்து ஓட்டையால் இறங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையினர் போட்ட ஸ்லேடன் உடுப்பில் வயிற்றுப் பக்கத் திறப்பால் நுழைந்து, றப்பரை மடித்துக் கவ்வி மூடினார்கள். போட்டவர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் ‘பிசுபிசுத்த சாவு’. தண்ணி புகாத சிப் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. சுவீடனின் பொசைடன் கம்பனி செய்த ‘யூனிசூட்’ அப்படியானது. இன்றும் பின்பக்கச் சிப்பை மூட இன்னொருவர் வேணும். முன்பக்கச் சரிவுச் சிப்பைத் தானே மூடலாம்.

சிறுநீர் வால்வு ஆண்களை மனதில் வைத்துத்தான் முதலில் செய்யப்பட்டது, பெண்களுக்கான இணைப்பு பிந்தித்தான் வந்தது. அதுவரை தண்ணி குடிக்காமல் இறங்கினால், உடல் வறண்டு ஆபத்துக் கூடும். யாரின் உடம்பை நினைத்து ஒரு பொருள் செய்யப்படுகிறது என்ற கேள்வி இங்கேயும் இருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு மன்னார் ஞாபகம் வந்தது. 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் லெனாட் வுல்ஃப் அதிகாரியாக நின்றார். சீபேயின் உடுப்பு வந்து அறுபது வருடங்களுக்கு மேல். ஆனால் தமிழ், முஸ்லிம், அரபுச் சுழியோடிகள் கல்லையும் கயிற்றையும் தங்கட மூச்சையும் நம்பித்தான் ஐந்து, பத்துப் பாகம் இறங்கினார்கள். சிப்பிகளை எண்ணிப் பங்கு பிரிக்கக் ‘கொட்டு’ என்ற அடைப்பு இருந்தது. மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. தன் மூச்சோடு வந்து இறங்கும் ஆளுக்கு அரசு எந்தக் கருவியும் வாங்கிக் கொடுக்கத் தேவையில்லையே.

எங்கட கடல் வெதுவெதுப்பானது, இங்க ட்ரைசூட் தேவையில்லை. ஆனால் இன்றும் வடக்கில் கடலட்டைக்காக, போதிய பயிற்சி இல்லாமல் சிலிண்டரோடு இறங்கி, வேகமாக மேலே வந்து கைகால் இயங்காமல் போனவர்கள் இருக்கினம். சிலிண்டர் வந்து சேர்ந்தது. மெல்ல ஏற வேணும் என்ற அறிவு எல்லாருக்கும் வந்து சேரவில்லை.

மச்சாள் கடைசியில் முன்பக்கச் சிப் உள்ள மூன்றடுக்கு உடுப்பும் நல்ல தடிப்பான உள்ளுடுப்பும் எடுத்தாள். தெரிவு செய்ய அவளுக்கு ஒரு பட்டியலாவது இருந்தது.